எந்தக் கரி, எந்தத் தண்ணீருக்கு? கன உலோகம் நீக்கச் சென்னையில் எதை வாங்கலாம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளேட்டிங் பட்டறை நடத்துபவர் கேட்பதும், பல்லாவரம் பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் கேட்பதும் ஒரே கேள்விதான்: "சார், இருக்கிறதுலயே நல்ல கார்பன் எது?" விற்க வருபவர் நீட்டும் தாளில் பதில் தயாராக இருக்கும். கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் பரப்பு, அயோடின் எண் 1,000, இல்லையென்றால் புதிதாக ஏதாவது ஒரு நானோ பெயர். கன உலோகத்துக்காக இந்த எண்களைப் பார்த்துக் கரி வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு.

எந்த உலோகம், அது தண்ணீரில் எந்த வடிவில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கூடவே என்னென்ன கரைந்திருக்கிறது, உலோகத்தைப் பிடித்து முடித்த கரியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது. இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கரி என்பது கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும். சில இடங்களில் கரியே வேண்டாம் என்றும் முடிவாகும். நீர்ச் சுத்திகரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில், சந்தையிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அடிபடும் கரி வகைகளை இந்தக் கேள்விகளோடு சேர்த்து எடை போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் பாட்டிலை எடுங்கள்

சென்னையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு உலோகம். குரோம்பேட்டை, பல்லாவரம், நாகல்கேணி பக்கம் தோல் பதனிடும் ஆலைகள் பல தலைமுறையாக இருந்தவை, அங்கே குரோமியம். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் முலாம் பூசும் பட்டறைகள். அங்கே குரோமியத்தோடு நிக்கல், துத்தநாகம், செம்பு. எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல், குழாய்களிலிருந்து கசிந்து கொசஸ்தலையாற்றில் படிந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக்கும் ஈயமும் பாதரசமும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பை மேடுகளின் கசிவு நீரில் எல்லாமே கலந்து வரும். வீட்டுக்குள்ளேயே ஈயம் வரும் வழிகளும் இருக்கின்றன: பழைய பித்தளைக் குழாய்கள், ஈய உப்பு சேர்த்து வார்த்த பி.வி.சி. பைப்புகள். அந்தப் பைப்புகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு விதி கொண்டுவந்ததே 2021-ல்தான். அதற்கு முன்னால் பதித்தவை இன்னும் சுவருக்குள்ளேயே இருக்கின்றன.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆர்சனிக்குக்கும் அதே 0.01. காட்மியம் 0.003, பாதரசம் 0.001, நிக்கல் 0.02, மொத்தக் குரோமியம் 0.05. தண்ணீரில் கரைந்த மொத்த உப்பை அளக்க வீட்டில் எல்லோரும் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டுவதோ 500, 900 என்ற கணக்கில். ஈயம் எல்லையைப் போல ஐந்து மடங்கு இருந்தாலும் அந்த மீட்டரில் ஒரு இலக்கம்கூட நகராது. ஆகவே மீட்டரை முக்கிக் காட்டி "ஹெவி மெட்டல் இருக்கு" என்பவரையும் நம்ப வேண்டாம், "ஒண்ணும் இல்லை" என்பவரையும் நம்ப வேண்டாம்.

ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஈயத்துக்குச் சந்தேகப்பட்டால் இரண்டு பாட்டில் பிடிக்க வேண்டும்: இரவு முழுக்க யாரும் திறக்காத சமையலறைக் குழாயில் காலையில் வரும் முதல் தண்ணீர் ஒன்று, ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு இன்னொன்று. முதல் பாட்டிலில் மட்டும் ஈயம் என்றால் கோளாறு உங்கள் பைப்பிலும் குழாயிலும், போரில் இல்லை. அப்படியானால் மொட்டைமாடியில் பெரிய கார்பன் டேங்க் வைத்தும் பயனில்லை. டேங்கைத் தாண்டி வந்த பிறகல்லவா ஈயம் கலக்கிறது? குரோம் பிளேட்டிங்கில் வரும், நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் பார்க்க வேண்டும் என்றால் அதற்குத் தனி பாட்டில் கேட்டு வாங்குங்கள். மற்ற உலோகங்களுக்கு ஆய்வகத்தார் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டுக் கொடுப்பார்கள். இதற்கு அமிலம் ஆகாது. விட்டால் வழியிலேயே அது மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறிவிடலாம், முடிவு பொய்யாக நல்லபடியாக வந்துவிடும்.

துளைகள் வேறு, பிடி வேறு

கொட்டாங்குச்சியைச் சுட்டு, 800 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்திச் செய்யும் ஆக்டிவேட்டட் கார்பனில் நுண்துளைகள் ஏராளம். நாற்றம், சாயம், பூச்சிக்கொல்லி போன்ற கரிமப் பொருட்கள் அந்தத் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அயோடின் எண் அளப்பதும் அந்தத் துளைகளைத்தான். அந்த வேலைக்கு அது சரியான எண்.

ஈயமும் காட்மியமும் அப்படி இல்லை. அவை நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள். சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு கரைசலிலேயே நிம்மதியாக இருப்பவை. அவற்றை இழுத்துப் பிடிக்கக் கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட கார்பாக்சில், ஃபீனால் மாதிரியான தொகுதிகள் வேண்டும். அதிக வெப்பத்தில் நீராவி கொடுக்கும்போது பரப்பு கூடுகிறது, இந்தத் தொகுதிகள் எரிந்து போகின்றன. அதே கரியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து ஆக்சிஜனேற்றம் செய்தால் நிலைமை தலைகீழாகும். பரப்பு குறையும், அயோடின் எண் இறங்கும், ஈயம் பிடிக்கும் திறன் கூடும். தாளில் மட்டமாகத் தெரியும் கரி உலோகத்துக்கு மேலாக இருப்பது இதனால்தான்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச்சும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு கரிக்கும் மேற்பரப்பின் மின்னேற்றம் சுழியாகும் ஒரு பிஹெச் உண்டு. தண்ணீரின் பிஹெச் அதற்குக் கீழே இருந்தால் பரப்பு நேர்மின்னேற்றம் பெறும், ஈய அயனியை விலக்கும். மேலே இருந்தால் எதிர்மின்னேற்றம், ஈயத்தை இழுக்கும். குரோமேட்டுக்கு, அதாவது தண்ணீரில் கரைந்த ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு, இது அப்படியே எதிராக வேலை செய்யும், ஏனென்றால் அது எதிர்மின்னேற்றம் கொண்டது. எனவே "எல்லா ஹெவி மெட்டலையும் எடுக்கும்" என்று போட்டிருக்கும் ஒரே ஒரு மீடியாவை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

குரோமியம்: மஞ்சள் போனால் போதுமா?

பட்டறைக்காரர்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோல் ஆலையில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அது ஓரளவு அடங்கியது. சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட்டு பிஹெச் எட்டு, எட்டரைக்குக் கொண்டுவந்தால் கசடாகக் கீழே இறங்கிவிடும். குரோம் பிளேட்டிங்கில் வருவது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாகத் தெரிந்த பொருள். எந்த பிஹெச்சிலும் கரைந்தே நிற்கும், மண்ணுக்குள் இறங்கினால் நிலத்தடி நீரோடு தூரம் போகும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அந்த ஊர் நிலத்தடி நீரை என்ன பாடு படுத்தியது என்பதை வட தமிழ்நாட்டில் எல்லோரும் அறிவார்கள்.

பட்டறை அலசு நீரில் ஒரு லிட்டர் எடுத்து இரண்டு பீக்கரில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பளிச்சென்ற மஞ்சள். ஒன்றை பிஹெச் ஏழில் விட்டு, மற்றொன்றில் அமிலம் விட்டு இரண்டரைக்கு இறக்கி, இரண்டிலும் ஒரே அளவு கொட்டாங்குச்சிக் கார்பனைப் போட்டுக் கலக்கி வைத்து வடிகட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏழில் இருந்தது பெரும்பாலும் மஞ்சளாகவே இருக்கும். இரண்டரையில் இருந்தது நிறமற்றுப் போயிருக்கும். அதில் டைஃபீனைல் கார்பசைடு சொட்டு விட்டால் ஊதா வராது. ஆறு இணைதிறன் குரோமியம் இல்லை என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் பலர் சந்தோஷமாகக் கரியை ஆர்டர் செய்துவிடுகிறார்கள்.

அதே தெளிந்த நீரில் மொத்தக் குரோமியம் பார்த்தால் கணிசமாக மிச்சம் இருக்கும். நடந்தது என்னவென்றால், அமிலச் சூழலில் குரோமேட்டின் ஒரு பகுதிதான் கரியில் ஒட்டியது. மற்றதைக் கரி எலக்ட்ரான் கொடுத்து மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றிவிட்டது. அந்த வடிவம் நேர்மின்னேற்றம் கொண்டது, அமிலத்தில் கரியின் பரப்பும் நேர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டாது. குரோமியம் நிறம் மாறித் தண்ணீரிலேயே இருக்கிறது. காஸ்டிக் விட்டு எட்டரைக்கு ஏற்றிப் பாருங்கள், சாம்பல் கலந்த பச்சைத் திவலைகளாக அது கீழே இறங்குவது தெரியும்.

எனவே குரோமேட்டை முதலில் எதிர்கொள்ளும் வேலையைக் கரியிடம் கொடுப்பது வீண் செலவு. சோடியம் பைசல்ஃபைட் அதே வேலையை பிஹெச் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிமிடக் கணக்கில், மிகக் குறைந்த விலையில் செய்யும். மஞ்சள் பச்சையாக மாறுவதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அப்புறம் சுண்ணாம்பு, செட்டிலிங் டேங்க், மணல் வடிகட்டி. இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருக்கும் சிறு அளவைப் பிடிக்கும் கடைசிக் காவலாகக் கரி வரட்டும். ஆற்றிலோ கால்வாயிலோ விடும் கழிவுநீருக்கான பொதுத் தரம் ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோமியத்துக்கு 2, நிக்கலுக்கு 3, ஈயத்துக்கு 0.1. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்கள் இசைவாணையில் இதைவிடக் கடுமையாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

நிக்கலுக்குச் சாதாரணக் கார்பன் வேண்டவே வேண்டாம். இதற்கான சாட்சி ஒவ்வொரு பிளேட்டிங் பட்டறையிலும் இருக்கிறது. நிக்கல் பாத்தில் பிரைட்னர் கெட்டுப்போய்ப் பளபளப்பு மங்கினால் என்ன செய்கிறோம்? கார்பன் ட்ரீட்மென்ட் கொடுத்து வடிகட்டி, அதே பாத்தைத் திரும்ப ஓட்டுகிறோம். கரி அழுக்கை எடுத்துக்கொள்கிறது, நிக்கல் பாத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அந்த முறையே பயன்படுகிறது. அதே கரி கழிவுத் தொட்டியில் மட்டும் நிக்கலைப் பிடித்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நிக்கல் அலசு நீருக்கு அயனிப் பரிமாற்ற ரெசின்தான் சரி. பிடித்த நிக்கலை அமிலத்தில் கழற்றித் திரும்ப எடுக்கவும் முடியும். குரோமியமும் நிக்கலும் ஒரே தொட்டியில் கலந்து வரும் பட்டறையில் இன்னொரு சங்கடம் உண்டு. குரோமியம் நன்றாக இறங்குவது எட்டரையில், நிக்கல் நன்றாக இறங்குவது பத்தைத் தாண்டி. இரண்டு அலசு நீரையும் தனித்தனிக் குழாயில் பிரித்து விடுவதற்கு ஆகும் பிளம்பிங் செலவு, எந்த உயர்ந்த ரகக் கார்பனைவிடவும் அதிகம் பயன் தரும்.

நூறு பெரிதா, இருபது பெரிதா

ஆய்வுக் கட்டுரைகளில் "ஒரு கிராம் கரி 100 மில்லிகிராம் ஈயத்தைப் பிடித்தது" என்று படிக்கிறோம். 300, 500 என்றெல்லாம்கூட வருகிறது. அது உச்சக் கொள்ளளவு. தண்ணீரில் உலோகம் ஏராளமாக இருக்கும்போது கரி நிரம்பி நிற்கும் நிலை. நம் வீட்டுப் போரில் ஈயம் ஏராளமாக இல்லை. 0.05 மில்லிகிராம் இருந்தாலே அது எல்லையைப் போல் ஐந்து மடங்கு. அந்த 0.05-ல் கரி எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் நமக்கு வேண்டிய எண்.

தண்ணீரில் உலோகம் இவ்வளவு இருந்தால் கரி எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் லாங்மியூர் சமன்பாட்டை வைத்து ஒரு கணக்குப் போடலாம். கரி அ: உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 100 மில்லிகிராம், ஆனால் பிடி தளர்வு, தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஈயம் இருந்தால்தான் பாதி நிரம்பும். கரி ஆ: உச்சக் கொள்ளளவு வெறும் 20, ஆனால் இறுக்கமான பிடி, 0.5 மில்லிகிராமிலேயே பாதி நிரம்பிவிடும். நம் 0.05 மில்லிகிராம் தண்ணீரில் கரி அ பிடிப்பது கிராமுக்குச் சுமார் 0.5 மில்லிகிராம். கரி ஆ பிடிப்பது சுமார் 1.8. தாளில் ஐந்தில் ஒரு பங்காகத் தெரிந்த கரி வீட்டில் மூன்றரை மடங்கு வேலை செய்கிறது. ஒரு கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் ஒன்று 10,000 லிட்டர், மற்றது 36,000 லிட்டர். விற்க வருபவரிடம் "உச்சக் கொள்ளளவு வேண்டாம், 0.05-ல் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் என்றால் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார்.

இந்தக் கணக்கும் ஆய்வகத்துத் தண்ணீருக்குத்தான். அங்கே காய்ச்சி வடித்த நீரில் ஈய உப்பைக் கரைத்து, பிஹெச் ஐந்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். சென்னைப் போர் தண்ணீர் பெரும்பாலும் பிஹெச் ஏழு முதல் எட்டு, உப்பும் கடினமும் கூட. மீஞ்சூர் பக்கம் கடல் நீரே உள்ளே ஏறி வந்திருக்கிறது. கடினம் லிட்டருக்கு 300 மில்லிகிராம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) என்று ஆய்வறிக்கையில் இருந்து, அத்தனையும் கால்சியம் என்று வைத்துக்கொண்டால், 0.05 மில்லிகிராம் ஈயம் உள்ள அந்த நீரில் ஒரு ஈய அயனிக்குப் பன்னிரண்டாயிரம் கால்சியம் அயனி இருக்கிறது. காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் நிற்கும் பீச் ரயிலில் ஏறி ஜன்னலோர இடம் பிடிக்கப் பார்ப்பது மாதிரிதான் ஈயத்தின் நிலை. கால்சியத்தைத் தள்ளிவிட்டு ஈயத்தைத் தேர்ந்து பிடிக்கும் தொகுதிகள் கரியில் இருக்கிறதா என்பது பரப்பளவில் தெரியாது. உங்கள் சொந்தத் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக் கொடுத்து, அதை வைத்துச் சோதித்துத் தரச் சொல்வது ஒன்றே வழி.

பயோசார்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

பயோசார் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காற்றைக் கட்டுப்படுத்தி 300 முதல் 700 டிகிரியில் சுட்ட தாவரக் கரி. ஆக்டிவேட் செய்யும் செலவு இல்லை. மூலப்பொருளுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமே கிடையாது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலங்கரி மூட்டம் போடுவது காலங்காலமாக நடக்கும் தொழில். நெல் உமி, தென்னை மட்டை, கரும்புச் சக்கை என்று வேறு பலவும் இருக்கின்றன.

குறைந்த வெப்பத்தில் சுட்டால் ஆக்சிஜன் தொகுதிகள் தப்பிக்கும், அதனால் ஈயமும் காட்மியமும் நன்றாகப் பிடிபடும். சாண எருவிலிருந்து செய்த பயோசாரில் பாஸ்பேட்டும் கார்பனேட்டும் இருப்பதால் ஈயம் அங்கேயே கரையாத உப்பாகப் படிந்துவிடும். துளையில் ஒட்டுவதைவிட இது உறுதியான பிடிப்பு. உமிக்கரியில் கணிசமான பகுதி சாம்பல், சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதற்கான குணம் அதற்கு.

சிக்கல் என்னவென்றால் ஒரு மூட்டை போல இன்னொரு மூட்டை இருக்காது. மூட்டத்தில் நடுவில் இருந்த கட்டைக்கு ஒரு வெப்பம், ஓரத்தில் இருந்ததற்கு வேறு. புதிதாக வந்த பயோசாரை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் முதல் தண்ணீர் கறுப்பாகவும் லேசாக வழவழப்பாகவும் இருக்கும். பிஹெச் ஒன்பது, பத்துக்கு ஏறியிருக்கும், சாம்பலில் இருந்த பொட்டாசியம் அதில் கரைந்திருக்கும். அந்தக் காரத்தன்மையே உலோகத்தைப் படியவைத்துவிட்டு, கரி பிடித்ததாக நம்மை நம்பவைக்கும். பலமுறை அலசிய பிறகும் அதே பலன் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கழிவுநீர்ச் சேற்றிலிருந்து செய்த பயோசார் என்றால் அதிலேயே உலோகம் இருக்க வாய்ப்புண்டு.

குடிநீர் வடிகட்டிக்குள் பயோசாரை வைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தரம் உறுதி செய்ய ஆள் இல்லாத பொருளைக் குழந்தைகள் குடிக்கும் தண்ணீரில் வைக்கக் கூடாது. ஆனால் மழைநீர் வடிகாலின் வாய், குப்பை மேட்டைச் சுற்றிய மண், தொழிற்பேட்டையை ஒட்டிய குட்டையின் கரை போன்ற இடங்களுக்கு டன் கணக்கில் மலிவாகப் போடக்கூடிய ஒரே கரி இதுதான். மண்ணில் உலோகத்தை அசையவிடாமல் கட்டி வைப்பதும் ஒரு சுத்திகரிப்புதான். சென்னை இந்த வழியில் இன்னும் எவ்வளவோ செய்யலாம்.

கிராஃபீனும் மற்றவையும்

கிராஃபீன் ஆக்சைடு கட்டுரைகளில் எண்கள் பிரமிக்க வைக்கும். ஒரு அணு கனமுள்ள கார்பன் படலம், இரண்டு பக்கமும் ஆக்சிஜன் தொகுதிகள்; உலோகம் பிடிப்பதற்கென்றே அமைந்த மாதிரி. ஆனால் அதைச் செய்ய இன்றும் பெரும்பாலும் 1958-ல் ஹம்மர்ஸும் ஆஃப்மனும் சொன்ன வழியைத்தான் கொஞ்சம் மாற்றிப் பின்பற்றுகிறார்கள்: அடர் கந்தக அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட். கிராம் கணக்கில் செய்வதற்கே அமிலமும் மாங்கனீசும் கலந்த கழிவுநீர் நிறைய வரும். தண்ணீரைச் சுத்தம் செய்ய வேறொரு தண்ணீரைக் கெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது போக, அந்தப் படலம் தண்ணீரில் பரவி நிற்கும். திரும்பப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கடினத் தண்ணீரில் கால்சியம் பட்டதும் கட்டி கட்டியாகத் திரண்டு, பெருமையாகச் சொன்ன பரப்பும் போய்விடும்.

மணல் மாதிரி ஏதாவது ஒன்றின் மேல் பூசிவிட்டால் பிரித்தெடுக்கும் தொல்லை தீரும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் சர்க்கரையிலிருந்து கிராஃபீன் படலம் செய்து மணலின் மேல் பூசிக் காட்டியது 2012-ல். அது சாயத்துக்கும் பூச்சிக்கொல்லிக்குமானது. அதே குழு ஆர்சனிக்குக்காகக் கொண்டுவந்த முறை கரியில் இல்லை, இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடில் நிற்கிறது. எந்தப் பொருளுக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் செய்தால் விடை கரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

கார்பன் நானோ குழாய்கள் பற்றிச் சுருக்கமாக: நார் வடிவம் என்பதால் நுரையீரலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி கேடு விளைவிக்குமோ என்ற கவலை தீராத பொருள். குடிநீருக்கும் பட்டறைக்கும் இப்போதைக்கு வேண்டாம்.

வேறு பொருள் ஏற்றிய கரிகள் மேலும் உருப்படியானவை. பாதரசத்துக்குக் கந்தகம் ஏற்றிய கார்பன் நன்றாக வேலை செய்யும், கந்தகமும் பாதரசமும் விடாப்பிடியாகப் பிணைவதால். ஆர்சனிக்குக்கு வெறும் கார்பன் கிட்டத்தட்டப் பயனற்றது. மூன்று இணைதிறன் ஆர்சனிக் சாதாரண பிஹெச்சில் மின்னேற்றமே இல்லாமல் இருக்கும், பிடிக்க எதுவும் கிடைக்காது. இரும்பு ஏற்றிய கார்பன் வேண்டும், அதற்கு முன்னால் குளோரின் கொண்டு ஆர்சனிக்கை ஐந்து இணைதிறனுக்கு மாற்ற வேண்டும். எலும்புக் கரியில் கால்சியம் பாஸ்பேட்தான் பெரும்பகுதி, ஈயத்துக்கும் ஃபுளோரைடுக்கும் நல்லது. ஆனால் எந்த எலும்பு என்ற கேள்வி எழுந்து சங்கக் கூட்டம் அதோடு முடிந்துவிடும். அந்த உணர்வை மதித்து அதைத் தவிர்த்துவிடலாம்.

அப்போ என்ன வாங்குவது

அடுக்குமாடி என்றால்: டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டினால் குடிக்க எப்படியும் ஆர்.ஓ. வேண்டும், அதுவே ஈயத்தையும் காட்மியத்தையும் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆர்.ஓ. மெஷினுக்குள் இருக்கும் கார்பன் குளோரினிலிருந்து மெம்பரேனைக் காக்க வைத்தது. உலோகத்துக்கு அதை நம்ப வேண்டாம். உப்பு குறைவு, ஈயம் மட்டுமே தொல்லை என்றால் ஆர்.ஓ. வைத்துப் பாதித் தண்ணீரைச் சாக்கடையில் விடுவது வீண். கார்பன் தூளை அழுத்திக் கட்டியாகச் செய்த கார்பன் பிளாக் (block) போதும். அதில் வடிகட்டிகளுக்கான அமெரிக்கத் தரமான என்.எஸ்.எஃப். 53 சான்று, குறிப்பாக ஈயத்துக்கு, இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஈயம் உள்ள தண்ணீரை விட்டு, வெளியே 0.005-க்குள் வருகிறதா என்று, பிஹெச் ஆறரையிலும் எட்டரையிலும் பார்ப்பார்கள். என்.எஸ்.எஃப். 42 மட்டும் இருந்தால் அது சுவைக்கும் குளோரினுக்கும் தந்த சான்று. துணி துவைக்கவும் ஃபிளஷ் செய்யவும் போகும் தண்ணீரையெல்லாம் சுத்தம் செய்ய மொட்டைமாடி டேங்க் வேண்டாம்; சமையலறைக் குழாயில் வைத்தால் போதும்.

பட்டறை என்றால்: மேலே சொன்ன பைசல்ஃபைட், சுண்ணாம்பு, மணல் வடிகட்டிக்குப் பிறகு அமிலத்தில் அலசிய கொட்டாங்குச்சிக் கார்பன். கூடுதல் காசு இருந்தால் ஆக்சிஜனேற்றம் செய்த ரகம். மணிக்கு 1,000 லிட்டர் ஓடுகிறது, பதினைந்து நிமிடம் தண்ணீர் கரியோடு இருக்க வேண்டும் என்றால் 250 லிட்டர் கரி வேண்டும், எடையில் சுமார் 125 கிலோ. அதே ஓட்டத்துக்கு முப்பது கிலோ சிலிண்டரைக் காட்டி "போதும்" என்பவர் தண்ணீருக்கு நாலு நிமிடம்கூடத் தரவில்லை. ஒரே பெரிய டேங்கைவிட வரிசையாக இரண்டு நல்லது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பிள் குழாய் கட்டாயம். முதல் டேங்கிலிருந்து உலோகம் வெளியே வரத் தொடங்கினாலும் இரண்டாவது தாங்கும். அப்போது முதலாவதைக் கழற்றி, இரண்டாவதை முன்னால் கொண்டுவந்து, புதுக் கரியைப் பின்னால் வைக்க வேண்டும். மாதக் கணக்கு வைத்து மாற்றுவதைவிடச் சாம்பிள் பார்த்து மாற்றுவதில் கரியும் மிச்சம், நிம்மதியும் மிச்சம்.

கழற்றிய கரியைப் பற்றி யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை. சாயத்தைப் பிடித்த கரியைச் சூளையில் சுட்டுப் புதுப்பிக்கலாம். உலோகத்தைச் சுட்டால் அது எரிந்து போகாது. அமிலத்தில் கழுவி ஈயத்தைக் கழற்றலாம், காஸ்டிக்கில் குரோமேட்டைக் கழற்றலாம். கழுவிய நீர் மறுபடி உங்கள் தொட்டிக்குத்தான் வர வேண்டும். பழைய கரியை பாய்லருக்கு எரிக்கக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்துவிடாதீர்கள். மூன்று இணைதிறனில் அடங்கியிருந்த குரோமியம், காரச் சாம்பலோடு காற்றில் எரியும்போது ஆறு இணைதிறனாகத் திரும்பலாம். அடுத்த மழையில் அந்தச் சாம்பல் யார் வீட்டுக் கிணற்றுக்கு எதிரில் கிடக்கிறதோ அவர்கள் குடிக்க வேண்டிவரும். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி அதை மூட்டை கட்டி, ரசீதோடு, கும்மிடிப்பூண்டியில் உள்ள அங்கீகாரம் பெற்ற கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஏற்றுக்கூலி, அங்கே கட்டும் தொகை, வருடத்துக்கு எத்தனை முறை என்பதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி, அப்படி வந்த கொட்டேஷன்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.